சட்டப்படியாரும் வானத்துக் கல்லும்

வானத்திலிருந்து எது விழுந்தாலும் அது யாருக்குச் சொந்தம் என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரே மனிதர், காஞ்சிபுரத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த சர்க்கார் ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மூச்சுக்கு மூச்சு ‘சட்டப்படி’ என்பார். அதனால் அவர் பெயரே சட்டப்படியார் ஆகிவிட்டது. வீட்டில் இரண்டாம் முறை ரசம் கேட்கக்கூட மனைவியிடம் மனுப் போடுவார் என்று ஆபீஸில் பேச்சு.

அறுபதுகளின் கடைசியில் பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் கன்னியம்மா என்பவரின் கடலைக் கொல்லையில் ஒரு கருப்புக் கல் வானத்திலிருந்து விழுந்தது. பக்கத்தில் கட்டியிருந்த மாட்டுக்கு ஒரு கீறல் இல்லை. அந்த அம்மாள் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார். சேதி வந்ததும் சட்டப்படியார் என்னையும் இழுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். வானத்துக் கல் சர்க்கார் சொத்து, ஆராய்ச்சிக்குக் கல்கத்தா போகவேண்டும் என்று ஊரார் முன்னால் முழங்கினார். கன்னியம்மா தடுக்கவில்லை.

“கல்கத்தாவுல நல்லா பாத்துப்பாங்களாபா?” என்று மட்டும் கேட்டார்.

“சட்டப்படி பாத்துப்பாங்கமா” என்றார் இவர்.

திரும்பும் வழியில் பிள்ளையார்பாளையத்தில் தெருவை அடைத்து நெசவுக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். நிற்கவேண்டியதாயிற்று. கேரியரில் மஞ்சளும் குங்குமமுமாக இருந்த கல்லைப் பார்த்துத் தறிக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இது சாமி இல்லை, சர்க்கார் சொத்து என்று இவர் ஒவ்வொருவருக்கும் விளக்கினார். எனக்கு மானம் போயிற்று.

உண்மையான மானக்கேடு பிறகுதான் வந்தது. கல்லை எடுத்துவரச் சட்டம் இருந்தது, அனுப்பப் பணம் இல்லை. எந்தக் கணக்கில் செலவு எழுதுவது என்று மேலிடத்தைக் கேட்டார். மேலிடம் அதையே அவரிடம் திருப்பிக் கேட்டது. கன்னியம்மாவிடம் திருப்பிக் கொடுக்கவும் சட்டம் இடம் தரவில்லை. ஆடிக் காற்றில் ஆபீஸ் கதவு படபடவென்று அடித்துக்கொள்ள, பியூன் கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

ஒருநாள் கன்னியம்மா வந்தார். கல்கத்தாவில் கல்லைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அனுப்பச் சொல்லி ஒரு கூடை வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார். கூடையை இறக்கும்போதே கதவடியில் கிடந்த கல் கண்ணில் பட்டுவிட்டது. உட்கார்ந்து, முந்தானையால் அதன்மேல் இருந்த செருப்புத் தூசியைத் துடைத்தார்.

“கொல்லையில வெயில்ல கெடந்துச்சு. இங்க நெழல்ல இருக்குது. பரவால்லபா.”

வெட்கத்தில் எங்களுக்குத் தலை நிமிரவில்லை. சட்டப்படியார் எழுந்து வந்தார். கல்லைத் தூக்கித் தன் நாற்காலியில் வைத்தார்.

அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் எழுதினார். வேறு நாற்காலி போட்டுப் பார்த்தோம், தொடவில்லை. ஓய்வு பெற்ற நாளில் மாலையைப் போட்டு, இன்றைக்காவது உட்காருங்கள் என்று கெஞ்சினோம்.

“வேணாம்பா. அந்தம்மா வந்தா எந்த மூஞ்சிய வெச்சுக்கினு உக்காந்திருப்பேன்?” என்றார்.

அந்தப் பிரிவுபசாரம் முடியும்வரை, மேலதிகாரி உட்பட, ஆபீஸில் ஒருவரும் உட்காரவில்லை.