பஞ்சாபகேசன் கோத்த கொட்டாங்கச்சி மாலை

இனி தன் வீட்டில் தங்கம் என்ற பேச்சே எழக் கூடாது என்று, 1963 ஜனவரியில் ஒரு நாள் பல் தேய்க்கும்போதே பஞ்சாபகேசன் தீர்மானித்துவிட்டார். சர்க்கார் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. கல்யாணமாகி இருபதாவது வருஷம் ரெட்டை வடச் சங்கிலி பண்ணிப் போடுவதாக எப்போதோ மனைவி விசாலாக்ஷிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வருஷம் வருகிற வைகாசியில் வந்து நிற்கப்போகிறது. பம்பாய் மாட்டுங்காவிலேயே அன்றைக்குப் பேப்பரைப் பார்த்து அதிகம் சந்தோஷப்பட்ட ஜீவன் அவர்தான்.

"விசாலம், பார்த்தியோ? இனிமே தங்க நகை பண்ணப்படாதாம். சட்டம்!"

"பண்ணவே படாதாமா?"

"படவே படாது."

பதினாலு காரட்டில் பண்ணலாம் என்றும் அதே செய்தியில் இருந்தது. அதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை.

"அப்போ வைகாசிக்கு என்ன பண்ணப் போறேள்?"

"என் கையாலேயே ஒரு மாலை பண்ணித் தரப் போறேன். கடைச் சரக்கு இல்லே. ஆத்துல தூக்கிப் போடற சாமானை வெச்சு. ஒவ்வொரு மணிக்கும் ஒரு அர்த்தம். பொன்னகை எதுக்கு விசாலம், புன்..."

"புன்னகை இருக்கேங்கப் போறேள். ஊர்ல எல்லா ஆம்படையானும் சொல்றதுதான். எதுல பண்ணுவேள், அதைச் சொல்லுங்கோ."

"கொட்டாங்கச்சியில."

அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ அடுக்களைக்குள் போய், நன்றாக முற்றின கொட்டாங்கச்சியாக நாலு பொறுக்கிக்கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

மேல்மாடி சுந்தரராமனுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவரிடம் அரமும் ரம்பமும் இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் உட்கார்ந்தார்.

"மணி ஆச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் விசாலாக்ஷி.

"பன்னெண்டு."

"அந்த மணி இல்லே. கொட்டாங்கச்சி மணி."

"அது ஒண்ணுகூட ஆகலை."

விரலில் மூன்று காயம்தான் ஆகியிருந்தது. நாலாவது ஞாயிறன்றுதான் முதல் மணி உருண்டது. உப்புத்தாளில் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தபோது அது கருங்கல் விக்ரகம் மாதிரி பளபளத்தது. அதோடு மனிதர் கெட்டார். ஆபீஸில் ஃபைலைத் திறந்தால் மணி. லோக்கல் ரயிலில் தொங்கினால் மணி. பூங்காவில் உதிர்ந்த மஞ்சாடி விதையை, வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, குனிந்து குனிந்து பொறுக்கினார்.

விசாலாக்ஷி காப்பியோடு பக்கத்தில் வந்து உட்காருவாள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பாள். கேள்வி ஓயாது.

"இந்த வெள்ளைப் பித்தான் என்னது?"

"உன்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்குப் போட்டுண்டிருந்த சட்டையோடது."

"அன்னிக்கு நீங்க சட்டையே போட்டுக்கலையே! அங்கவஸ்திரம்னா போத்திண்டு வந்தேள்."

அரம் நின்றது. "அப்போ இது யார் சட்டை?"

"உங்க தம்பியோடது. மச்சினர் பித்தானை நான் எதுக்குக் கழுத்துல கட்டிக்கணும்? எடுங்கோ அதை."

எடுத்துவிட்டார். பதக்கத்துக்கு வேறொன்று கொண்டுவந்தார். பரண்மேல் கிடந்த நடைவண்டியின் சக்கரம் அது. பெண் பங்கஜம் தத்தித் தத்தி அடுக்களைக்கும் வாசலுக்கும் தள்ளிய வண்டி. போன வருஷம்தான் கல்யாணமாகி நாக்பூருக்குப் போனாள். சக்கரத்தைச் சின்னதாக இழைத்து, நடுவில் ஒரு மஞ்சாடி விதையைப் பதித்திருந்தார். விசாலாக்ஷி அதை உள்ளங்கையில் வைத்து, விரலால் மெல்ல உருட்டிப் பார்த்தாள். 'இதுக்கு எந்தத் தங்கமும் ஈடில்லை' என்று பஞ்சாபகேசனுக்கே தோன்றிவிட்டது.

வைகாசியில் அந்த நாள் வந்தது. செம்பூரில் இருந்த அத்தை வீட்டுக்கு நமஸ்காரம் பண்ணக் கிளம்பினார்கள். மாலையை அவள் கழுத்தில் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டே பஞ்சாபகேசன் ஸ்டேஷன் படியேறினார். எதிரே வண்டியிலிருந்து இறங்கிய கூட்டம் மோதியது. நூல் அறுந்தது. மணிகள் படிப்படியாக உருண்டு ஓடின.

"ஐயோ, என் மணி!"

வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். கால்களுக்கு நடுவே கைவிட்டுத் துழாவினார்.

"க்யா ஹை, பாபுஜி? மோதி?" என்றான் ஒருவன், சிந்தினது முத்தோ என்று.

"மோதி நஹி! சக்கரம்! சக்கரம்!"

சக்கரம் கடைசிப் படிக்கு அடியில், ஒரு மீன்காரியின் கூடையோரம் கிடைத்தது. மூச்சிரைக்க அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"போனாப் போறது, கொட்டாங்கச்சிதானே" என்றாள் விசாலாக்ஷி.

"கொட்டாங்கச்சியா! அஞ்சு மாசம் உசிரைக் குடுத்திருக்கேன். நூல்ல கோத்ததுதான் தப்பு. கம்பியில கட்டணும்."

"பித்தளையிலயா?"

"பச்சை பிடிச்சுக் கழுத்தை அரிக்கும்."

"இரும்பு?"

"துருப்பிடிக்கும்."

"வெள்ளி?"

"மணியே கறுப்பு. வெள்ளியும் கறுத்தா எடுப்பா இருக்குமா?"

"வேற என்னதான் இருக்கு?" என்று மோவாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பஞ்சாபகேசன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "பதினாலு காரட்டுல பண்ணலாம். சட்டத்துல இடம் இருக்கு."

"அப்படியா! ரெட்டை வடமாக் கட்டினாத்தான் கனம் தாங்குமோ என்னமோ?"

"பின்னே? ஒத்தை வடத்தை நம்ப முடியுமா?"

மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேரே தாராவிக்குப் போனார். அவர்கள் வாடிக்கையாக நகை பண்ணும் மாசானம் ஆசாரி, சட்டம் வந்த நாளாக வேலையில்லாமல் உலையை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர், இவரைக் கண்டதும் எழுந்து பாயை உதறிப் போட்டார். பஞ்சாபகேசன் கைக்குட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு மணிக்கும் விளக்கம் சொன்னார். ஆசாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரெட்டை வடம்தான் சரி, ஐயா. செஞ்சிரலாம்."

"கழுத்தளவை நாளைக்குக் கொண்டுவரேன்."

"அளவு எதுக்கு ஐயா? அம்மா தை மாசமே வந்து குடுத்துட்டுப் போயிட்டாவளே."