அப்பா பக்கம் ஒரு பிரேக்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வழக்கம்போல நானே முடிவு கட்டாமல், நலமா என்று கேட்கிறேன். இந்த முன்னேற்றத்தைக் கவனிக்கவும்.

இப்போதெல்லாம் நீ போன் செய்தால், "நல்லா இருக்கேன்ப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு சரி. எனக்கு அதில் ரொம்ப வருத்தம். அம்மாவிடம் முறையிட்டேன். "அவ 'ஆபீஸ்ல'ன்னு ஆரம்பிச்சதுமே ராஜினாமா எப்படி எழுதணும்னு சொல்லிக் குடுத்தீங்க. அவ சொல்ல வந்தது ப்ரமோஷன் விஷயம். டிரைவிங் ஸ்கூல் வண்டியில உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கு, சரி. வீட்லயும் யாரு வாயத் தொறந்தாலும் அத மிதிக்கணுமா?" என்றாள்.

அதோடு விட்டாளா? மறுநாள் காலைப் பிரார்த்தனையில், "கடவுளே, மகளுக்கு நல்ல வீடு அமையட்டும். முதலில் அந்தத் தரகரை மாற்று. இடதுபக்கத் தெரு வேண்டாம், தண்ணீர் நிற்கும்" என்று நான் வேண்டிக்கொண்டிருக்க, "கடவுள் என்ன உங்ககிட்ட வண்டி பழக வந்தவரா? அவரையும் கொஞ்சம் பேச விடுங்க" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து கண்ணோடு வாயையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஃப்ரிட்ஜ் உறுமியது. பிறகு மேல்வீட்டுக்காரர் செருப்போடு நடந்தார். கடவுள் தரப்பிலிருந்து ஒன்றும் இல்லை. ஒரு நாள் அம்மா படியேறி வரும் சத்தம் கேட்டது. பாதியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஏறினாள். கதவைத் திறந்து, "முட்டி வலிக்குதா?" என்றேன். "ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன்" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அங்கே அம்மாவையே பேச விட்டேன்.

அந்தச் சூட்டோடு வேலையிலும் முயன்றேன். வண்டி பழக வரும் தையல்கடைக்கார அம்மா, ஓட்டிக்கொண்டே, "சார், ஒரு சந்தேகம், நேத்தே கேக்கணும்னு இருந்தேன், பிரேக்குங்கறது நடுவுல இருக்கறதுதானே, ஏன்னா எங்க நாத்தனார் வண்டியில..." என்று ஆரம்பித்தார். குறுக்கிடக் கூடாது என்ற வைராக்கியத்தில் வாயோடு காலையும் கட்டிப்போட்டுவிட்டேன். நாத்தனார் கதை முடிவதற்குள் வண்டி, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஓடி வந்து, "பக்கத்துல உக்காந்து நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். "கேட்டுட்டிருந்தேன்" என்றேன். அதற்கு அவர் சொன்னதையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டேன். நீளமாகத்தான் சொன்னார்.

ஆகவே மகளே, அப்பா தயார். இனி நீ பேசு, நான் "ம்" மட்டும் போடுகிறேன். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். என்ன ஆசி வேண்டும் என்பதை இந்த முறை நீங்களே சொல்லலாம்.

இப்படிக்கு,
காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்
அப்பா

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட கையோடு நீயே போன் செய்தாய். "அப்பா, உங்ககிட்டதான் பேசணும்" என்றாய். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உனக்கு வாசித்துக் காட்டி, "உடம்பப் பாத்துக்கோ" என்று போனை வைத்துவிட்டேன். "என்ன சொன்னா?" என்று கேட்டு அம்மா எதிரிலேயே நிற்கிறாள். என்னம்மா சொல்ல வந்தாய்?