உஷ்ஷுக்கு அடங்காத மோட்டார் சைக்கிள்

வெள்ளிக்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே அப்பா ஒரு சபதம் செய்தார். பாதி நுரை, பாதி வீரம். நுரையைக் கழித்துப் பார்த்தால் விஷயம் இதுதான்: ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் தன் மோட்டார் சைக்கிளின் கத்தலை அவரே நிறுத்துவார். முடியாவிட்டால், வெகுநாளாக அதன்மேல் கண் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு பேக்கரிக்காரரிடம் வண்டியைக் கொடுத்துவிடுவார்.

காரணம் மாடி வீட்டுப் பெண். அன்று ஆறரை மணிக்கே தோளில் எட்டு மாதக் குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். எட்டு மாதமாகத் தூங்காத கண்கள்.

"சார், குழந்தை முதல்ல 'அம்மா'ன்னு சொல்லும்னு ஆசையா இருந்தேன். நேத்து 'ட்ர்ர்ர்ர்'னு சொல்றான்."

அப்பாவுக்கு அது நெஞ்சில் தைத்தது. ஏனென்றால் அப்பா நூலகர். பகலெல்லாம் 'உஷ்' சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். ஊரையே அடக்குகிறவரின் வண்டி ஊரைக் கூட்டுகிறது.

வண்டி என்னைவிட மூத்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க அதில் கார்புரேட்டர் என்று ஒரு உலோகக் கிண்ணம் உண்டு. சும்மா நிற்கும்போது இந்த மாதிரி வண்டிகள் முணுமுணுக்க வேண்டும். எங்கள் வண்டி ஒரு மாதமாக அலறியது. ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே அலறியது. சிக்னலில் அப்பா நின்றால், பக்கத்துப் பையன்கள் பந்தயத்துக்கு அழைக்கிறார் என்று நினைத்து அவர்களும் முறுக்குவார்கள். அப்பா இரண்டு கையையும் கூப்புவார். அதற்கும் வண்டி அலறும்.

"மெக்கானிக்கிட்ட விடுங்களேன்ப்பா" என்றேன்.

"இருபத்தஞ்சு வருஷமா வேற ஒரு கை இதுல பட்டதில்ல."

இது அன்பா ஆணவமா என்று நான் வாதத்தைத் தொடங்குவதற்குள் பேக்கரிக்காரர் மதில்மேல் தலையை நீட்டினார்.

"எதுக்கு சார் சிரமம்? இப்பவே குடுத்துடுங்க. என் ஆள் ஒருத்தன் அடக்கிடுவான்."

அப்பா நிமிர்ந்தார். "யார் கை இதை அடக்குதோ, இனிமே அந்தக் கையிலதான் சாவி! என் கையைத் தவிர வேற எந்தக் கைக்கும் இது அடங்காது. பாத்துடலாம்."

சாப்பாட்டுப் பை கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எழுதிக் குடுங்க."

எங்கள் வீட்டில் முக்கியமான வாக்குறுதிகள் எல்லாம், நூலகத்தில் கழித்துப் போட்ட பழைய அட்டைகளின் பின்பக்கம் எழுதப்படும். என்னை விடுதியில் சேர்க்க மாட்டேன் என்பதுகூட ஒரு அட்டையில் இருக்கிறது. அப்பா எழுதினார். கையெழுத்திட்டார். தேதி முத்திரையும் குத்தினார். அம்மா அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அலறும் வண்டியின் பின்சீட்டில் ஏறி ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள்.

சனிக்கிழமையன்று முதல் சந்தேகம் ஐட்லிங் திருகு மேல் விழுந்தது. சும்மா நிற்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு அது. அப்பா குறைத்தார். அலறியது. இன்னும் குறைத்தார். அலறியது. இன்னொரு சுற்று சுற்றினால் திருகு கழன்று கையோடு வந்துவிடும் என்ற கட்டத்திலும் அலறியது.

"அப்பா, அந்தத் திருகு இப்ப உள்ள எதையுமே தொடல. அப்புறமும் கத்துதுன்னா, தப்பு திருகு மேல இல்ல."

"நீ வக்கீலுக்குப் படிக்கிறியா, எனக்கு எதிராப் படிக்கிறியா?"

"சாட்சியம் என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்றேன்."

"சாட்சியம் டார்ச்சைச் சரியாப் பிடிச்சாப் போதும்."

அடுத்தது ஆக்ஸிலேட்டர் கேபிள். இழுபட்டு நிற்கிறதா என்று ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்தார், வலப்பக்கம் ஒடித்தார். சத்தம் ஒரு இம்மிகூட மாறவில்லை. கேபிளும் நிரபராதி. குளிர்ந்த வண்டியைக் கிளப்ப இழுக்கும் சோக் மாட்டிக்கொண்டிருக்கிறதா? அதுவும் இல்லை. கடைசியில் கார்புரேட்டரையே கழற்றிச் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பி, ஒரு பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு துளையாகத் தேய்த்தார். மேஜை பெட்ரோல் பங்க் மாதிரி மணந்தது.

ட்யூட்டி முடிந்து வந்த அம்மா வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க, அது யாரோட பிரஷ்?"

"பழசும்மா. தூக்கிப் போட வச்சிருந்தது."

"காலைல அதுலதான் நான் பல்லு தேய்ச்சேன்."

வீட்டில் ஒரு மணி நேரம் நூலகம் நடந்தது.

ஞாயிறு மதியம் அப்பா எல்லாவற்றையும் பூட்டி, உதைத்தார். வண்டி முன்னைவிடச் சுத்தமாக, முன்னைவிடத் தெளிவாக அலறியது. மாடியில் குழந்தை பதில் அலறல் கொடுத்தது. அப்பா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். படிக்கட்டில் உட்கார்ந்தார்.

நான் அவரோடு எல்லா விஷயத்திலும் சண்டை போடுகிறவள். ஆனால் அந்த முதுகைப் பார்த்து எனக்குச் சண்டை வரவில்லை. என் நுழைவுத் தேர்வு அன்று கொட்டுகிற மழை. மழைக்கோட்டை என் புத்தகப் பைக்கும் எனக்கும் சுற்றிவிட்டு, முழுக்க நனைந்து, இந்த வண்டியில்தான் கொண்டு போய்விட்டார். மூன்று மணி நேரம் கழித்து நான் வெளியே வந்தபோது அதே இடத்தில், அதே ஈரத்தோடு, வண்டிக்குத் துணையாக நின்றுகொண்டிருந்தார். "கேள்வி ஈசியா?" என்றுதான் கேட்டார். நான் இன்று வாயாடுகிற ஒவ்வொரு வாயாடலுக்கும் அந்த வண்டி பெட்ரோல் எரித்திருக்கிறது.

மணி நாலு. பேக்கரிக்காரர் ஹெல்மெட்டோடு மதிலோரம் உலாத்தத் தொடங்கிவிட்டார்.

"குளிச்சிட்டு வரேன்" என்று எழுந்தார் அப்பா. "அழுக்குக் கையோட அதை வழியனுப்ப வேணாம்."

குளியலறைக் கதவு சாத்தியதும், இஸ்திரி போடும்போது துணியில் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலோடும் கைப்பையோடும் அம்மா வாசலுக்கு வந்தாள். புடவையைச் செருகினாள். ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது! அப்பாவுக்கு ஆறு உதை ஆகும்.

"அம்மா!"

"பேசாத. கேளு."

என் அம்மா மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன். ஆபரேஷன் தொடங்கும் முன்னால், நோயாளி மூச்சு விடும் குழாயில் எங்காவது கசிவு இருக்கிறதா என்று தினமும் காது வைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. இப்போது கார்புரேட்டரைச் சுற்றி மெல்லத் தண்ணீரைப் பீச்சினாள். முன்னால், அலறல். மேலே, அலறல். அடிப்பக்கம் பீச்சினாள். வண்டி சட்டென்று தடுமாறிக் குரலை இறக்கியது.

"இங்கதான். கார்புரேட்டரையும் எஞ்சினையும் சேக்கிற ரப்பர் கழுத்து. அடியில வெடிச்சிருக்கு. அது வழியாத் திருட்டுக் காத்து உள்ள போகுது. தண்ணி பட்டு ஓட்டை ஒரு நிமிஷம் அடைச்சதும் வாயை மூடிச்சு பாரு."

கைப்பையைத் திறந்தாள். புத்தம் புது ரப்பர் கழுத்து!

"இது எப்ப வாங்கினே?"

"முந்தாநாள். ஆஸ்பத்திரி எதிர்க்க ஸ்பேர் பார்ட்ஸ் கடையில."

"அப்ப வெள்ளிக்கிழமையே தெரியுமா? ரெண்டு நாளா அந்த மனுஷனைக் கஷ்டப்பட விட்டுட்டு வேடிக்கை பாத்தியா? இது நியாயமா?"

"பின்சீட்டுல உக்காந்தப்பவே கசிவு காதுல விழுந்துடுச்சு. ஆனா கார்புரேட்டரை யாராவது கழட்டிச் சுத்தம் பண்ணணும்ல? அந்த வேலை எனக்குப் பிடிக்காதும்மா. டார்ச்சைப் பிடி."

பத்து நிமிஷம். இரண்டு கிளிப். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். வண்டி முணுமுணுத்தது. எவ்வளவு மெதுவாக என்றால், ஒரு மாதத்தில் முதல்முறையாக, வண்டி ஓடும்போதே எங்கள் வாசலில் ஒரு காக்கையின் குரல் கேட்டது.

குளியலறையிலிருந்து அப்பா ஓடிவந்தார். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் ஒரு துண்டு.

"கொண்டு போயிட்டானா? சத்தமே இல்லையே! ஒரு வார்த்தை சொல்லாம கொண்டு போயிட்டானா?"

வண்டி அவர் எதிரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். டேங்க்கின்மேல் கை வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா! நேத்து நான் சுத்தம் பண்ணினது இன்னிக்குத்தான் வேலை செய்யுது!"

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டு பழைய ரப்பரை நீட்டி, லேசாக வளைத்தாள். அடியில் வெடிப்பு, கொட்டாவி விடுவது போல் திறந்தது. பிறகு அட்டையை நீட்டினாள்.

அப்பா தன் கையெழுத்தைத் தானே இரண்டு முறை படித்தார். "சரிம்மா. ஒத்துக்கறேன். ஆனா உனக்கு ஓட்டத் தெரியாதே?"

கைப்பையிலிருந்து மூன்றாவதாக லைசென்ஸ் வந்தது. நாலு வருஷப் பழசு.

"ஞாயித்துக்கிழமை மதியம் நீங்க ரெண்டு மணி நேரம் தூங்குவீங்கல்ல? அப்ப கத்துக்கிட்டேன். இதே வண்டியிலதான்."

"அப்ப பெட்ரோல் குறைஞ்சது..."

"அவர் எடுக்கல" என்று மதில் பக்கம் கைகாட்டினாள் அம்மா. பேக்கரிக்காரர் தன்மேல் இருந்த நாலு வருஷச் சந்தேகம் தீர்ந்த முகத்தோடு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறு மதியங்களில் நான் கல்லூரி விவாத மன்றத்தில் பெண்கள் உரிமைக்காக மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் அம்மா என்னிடம்கூடச் சொல்லாமல் உரிமையை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்!

மாடி வீட்டுப் பெண் இறங்கி வந்தாள். "ரொம்ப நன்றி சார். தூங்கிட்டான்."

நான் மறுபடி வாயைத் திறந்தேன். இந்த முறை அப்பா முந்திக்கொண்டார்.

"எனக்கில்லம்மா. அவங்களுக்குச் சொல்லு. நானும் இன்னும் சொல்லல." அம்மா பக்கம் திரும்பினார். துண்டைச் சரி செய்துகொண்டார். "என் வண்டியை வீட்டுல நிறுத்தி வச்சிட்ட. நன்றி."

அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. எனக்கு வாதமே மறந்துபோனது.

திங்கள் காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். அம்மா முன்னால். பின்சீட்டில் அப்பா, மடியில் இரண்டு சாப்பாட்டுப் பை, முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை. தெரு முழுக்கக் கையசைத்துக்கொண்டே போனார்.

ஒன்பதே காலுக்கு எனக்குப் போன் வந்தது. குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

"கண்ணு, நூலக வாசல்ல நாப்பது பேர் நிக்கிறாங்க. கதவுச் சாவி வண்டிச் சாவியோட ஒரே கொத்துல இருக்கு. அம்மாவுக்கு ஆபரேஷன் எத்தனை மணிக்கு முடியும்?"