ஜெரினின் இடது கை

கை கழுவ எழுந்த ஜெரின், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டான். ஞானதுரை வாயில் போட்ட வஞ்சிர வறுவல் பாதியிலேயே நின்றுவிட்டது.

வருங்கால மாப்பிள்ளையின் இடது கையில் ஒரு வேல் இருந்தது. அதன் கீழே பிறை. பக்கத்தில் ஏழு காலோடு ஒரு தேள். வரிசையாக மூன்று சிலுவைகள். முதலாவது குடை சாய்ந்திருந்தது, அடுத்தது கொஞ்சம் நிமிர்ந்திருந்தது, மூன்றாவது நேராக நின்றது. மணிக்கட்டுக்கு மேலே கொட்டை எழுத்தில் 'சங்கமித்ரா'.

அவர் மகளின் பெயர் பெர்சிஸ்.

"கையில என்ன தம்பி, இம்புட்டு?"

"அது சும்மா மாமா" என்று ஜெரின் சட்டையை இறக்கிவிட்டான்.

சும்மா யாரும் எதையும் வரைந்துகொள்வதில்லை என்பது ஞானதுரையின் அனுபவம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ராயபுரத்தில் முப்பது வருடமாகப் படகுப் பெயிண்டு விற்கிறார். காசிமேட்டில் நிற்கும் படகின் முகப்பைப் பார்த்தே, அதன் முதலாளி கும்பிடும் சாமி, போடும் ஓட்டு, வீட்டில் எந்தப் பிள்ளை செல்லம் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். தப்பியதில்லை.

இந்தக் கை மட்டும் பிடிபடவில்லை. ஒரே படகுக்கு நாலு முதலாளி மாதிரி இருந்தது. நிச்சயமோ வருகிற ஞாயிற்றுக்கிழமை.

"மூணு சிலுவை இருக்குல்லப்பா" என்றாள் பெர்சிஸ். "மொதல்ல கோணலு, அப்புறம் நேரு. விசுவாசம் வளர்ந்திருக்குன்னு வச்சுக்கோங்க."

"அப்போ அந்த வேலு?"

"அவர்கிட்டயே கேளுங்க."

"கேட்டா சும்மாங்கான்."

"அப்போ சும்மாதான்." அவள் மனசுக்குள் தேதி குறித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் அவர் பக்கத்துக் கயிற்றுக்கடை மஜீதிடம் போனார். மஜீதின் மகன் சுஃபியான் அப்போதுதான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

விஷயத்தைக் கேட்ட மஜீது, "பிறை எந்தப் பக்கம் பாத்துகினு கீது?" என்றார்.

"கீழ்ப்பக்கம், பாய்."

"கவுத்த கிண்ணி மாதிரியா? இன்னா அண்ணாச்சி பேஜாரு இது! எங்க ஜனம் பச்சயே குத்தாது. அப்ப இது பக்தி இல்ல. எங்க ஜனத்துப் பொண்ணு எவளுக்கோசரமோ குத்திகினது."

"பொண்ணு பேரு சங்கமித்ரான்னுல்லா எழுதியிருக்கு?"

"அப்ப ரெண்டு பொண்ணு."

ஞானதுரை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"என் புள்ளயப் பாரு" என்றார் மஜீது. "மொபைல் ரிப்பேரு கத்துக்கினு கீறான். ஒடம்புல ஒரு கீறல் உண்டா?"

சுஃபியான் சால்னாவைத் தன் பேண்ட்டிலேயே ஊற்றிக்கொண்டான்.

ஞானதுரைக்குத் தூக்கம் போயிற்று. யாருக்கும் தெரியாமல் விசாரித்து முடித்துவிடலாம் என்று விம்கோ நகருக்குப் பஸ் ஏறினார். ஜெரினின் தெருமுனை டீக்கடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சங்கமித்ரான்னு இங்கன யாரும் உண்டா?"

அவர் ராயபுரம் திரும்புவதற்குள் ஜெரினின் அம்மா ஹில்டா போனில் வந்துவிட்டாள்.

"அண்ணே, என் புள்ளைக்கு ஒரு பொண்டாட்டி கீதாமே? கைக்கொழந்த வேற கீதாம். தெருவே பேசுது. என் பேரப்புள்ள எங்க கீதுன்னு சொன்னீங்கன்னா, ஒரு கவுனாவது எடுத்துகினு போய்ப் பாத்துட்டு வந்துடுவேன்."

"அம்மா, நான் அப்படிச் சொல்லல..."

"போலீஸு கணக்கா விசாரிச்சீங்களே! ஞாயித்துக்கெழம நாங்க வர்றதா வேணாவான்னு யோசிக்கணும்."

பெர்சிஸ் அதற்குப் பிறகு அப்பாவோடு பேசவில்லை. கடைக்கு வந்தாள், பில் போட்டாள், பெயிண்டு டப்பாக்களைச் சத்தமாக அடுக்கினாள்.

சனிக்கிழமை மதியம் ஜெரினே கடைக்கு வந்தான். கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். வேலைச் சட்டையோடு வந்திருந்தான். ஞானதுரை சைகை காட்ட, சாப்பிட உட்கார்ந்த மஜீதும் எழுந்து வந்தார். பின்னாலேயே கேரியரும் கையுமாகச் சுஃபியான்.

"தம்பி, நேராவே கேக்கேன். யாரு அந்த சங்கமித்ரா?"

"எனக்குத் தெரியாது மாமா. நான் பாத்ததுகூட இல்ல."

"பாக்காத பொம்பள பேரு கைல எப்பிடிடா வந்துது?" என்றார் மஜீது.

"சொல்ல முடியாது பாய். வாக்கு குடுத்துக்கீறேன்."

"படகு முகப்பைப் பாத்து முப்பது வருசமா ஆளை எடை போடுதேன்" என்றார் ஞானதுரை. "எவனாவது அடுத்தவனுக்காகத் தன் படகுல கிறுக்க விடுவானா, தம்பி?"

ஜெரின் ஏனோ லேசாகச் சிரித்தான்.

"அப்போ நிச்சயம் வேண்டாம்."

டப்பா அடுக்கும் சத்தம் நின்றது. ஜெரின் பெர்சிஸைப் பார்த்தான். அவள், "உங்களால சொல்ல முடியலைன்னா சொல்லாதீங்க" என்றாள். அவன் தலையாட்டிவிட்டு, மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கி, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினான்.

மஜீதுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்ல சம்பந்தம் கலீஜாப் பூட்ச்சே! இந்தக் கைல இத்தயெல்லாம் குத்துனானே, அந்தக் கம்மனாட்டி மட்டும் கெடைச்சான், அவன் கைய ஒடைச்சிடுவேன்!"

சுஃபியான் கேரியரைத் தரையில் வைத்தான். இரண்டு கைகளையும் அப்பாவுக்கு முன்னால் நீட்டினான்.

"இந்தாங்க, ஒடைங்க அத்தா. மொபைல் ரிப்பேருன்னு உங்களாண்ட சொல்லிட்டு நான் கத்துக்கினது பச்ச குத்தற வேலைதான். அந்த சங்கமித்ரா என் மொத கஸ்டமரு, அவங்க பேர அவங்களுக்குக் குத்தறதுக்கு மின்னாடி இவன் கைல குத்திப் பாத்தேன். குத்திப் பழக எவனும் தோலு குடுக்காதப்போ, இவன் ஒருத்தன்தான் கைய நீட்டினான்."