பேய்க்கு எழுந்து நின்றவர்கள்

பேய் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றதும், மொபைல் ரிப்பேர் கடைக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்து, "வணக்கம் டீச்சர்" என்றார்.

படம் ஓடிய லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டிருந்த டைரக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணே, அது பேய்ண்ணே."

"என்னம்மா விளையாடறே? நம்ம கணக்கு டீச்சர். கொஞ்சம் இளைச்சுட்டாங்க. முகத்துல ஏன் பவுடர் திட்டுத் திட்டா இருக்கு? பாத்துப் பூசிவிடக் கூடாதா?"

டைரக்டர் கேள்வித்தாளை நீட்டினாள். 'எந்த இடத்தில் பயந்தீர்கள்?' என்ற கேள்விக்குக் கீழே கடைக்காரர் நிதானமாக எழுதினார்: 'பயம் இல்லை. ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்தது. ஜன்னலோர பெஞ்சு. வேப்பமரக் காற்று.'

டைரக்டர் என்பது அவள் சினிமாக் கல்லூரியில் சேர்ந்த அன்று அப்பா கேலியாக வைத்த பெயர். இப்போது கடைசி ஆண்டு. ஒரு நிமிஷத்துக்குப் பேய்ப்பட ட்ரெய்லர் எடுக்க வேண்டும். வெளியாட்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் எழுதிக் கொடுப்பதை வைத்து வெட்டி ஒட்ட வேண்டும். ஏற்கெனவே எடுத்த ட்ரெய்லரைத் துறைத்தலைவர் கொட்டாவியோடு திருப்பித் தந்துவிட்டார். மறுபடியும் திரும்பினால் இன்னொரு வருஷம் அதே வகுப்பு.

"பயம்னா எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சும்மா. ஞாபகப்படுத்து, பாஸ் போடறேன்" என்று சொல்லியிருந்தார்.

பேயாக நடிக்கச் சும்மா கிடைத்தவர் பெரியம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மத்தியானங்களில் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டதும் வந்துவிட்டார். அந்த ஊருக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர் என்பது டைரக்டருக்கு அப்போது உறைக்கவில்லை.

"முகம் தெரியறதாலதான் பிரச்சினை" என்றான் கேமரா பிடிக்கும் நண்பன் ஒல்லி. "முடியை விரிச்சு முன்னால போட்டுடுவோம்."

பெரியம்மா மறுத்துவிட்டார். "தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு எவளாவது வகுப்புக்கு வந்தா நானே வெளிய நிறுத்தியிருக்கேன். நான் எப்படிடி வர்றது?"

"நீங்க இப்ப டீச்சர் இல்ல பெரியம்மா, பேய்."

"பேயா இருந்தா ஒழுங்கு வேண்டாமா?"

காலில் விழாத குறையாகக் கெஞ்சி முடியை விரிக்க வைத்தார்கள். தையல்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். இருட்டில், முகம் மறைத்து, பேய் நடந்து வந்தது. தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"அந்த வலது கையைப் பாரு. சாக்பீஸ் பிடிச்ச மாதிரியே வருது!" கழுத்தில் தொங்கிய அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் இன்னிக்கு அளவு எடுக்கறேன்னா அவங்க அடிச்ச அடிதாம்மா."

அடுத்து உருவத்தையே தூக்கிவிட்டார்கள். அலறல் மட்டும் போதும். ஆனால் ஊரையே அடக்கி வைத்திருந்தவருக்கு அலற வரவில்லை. மைக்கை நீட்டியதும் வாயில் வந்தது, "ஷ்ஷ்ஷ்! யாருடா அது பேசறது?" வேறு வழியில்லாமல் அதையே சேர்த்தார்கள். மருத்துவமனை நர்ஸ் அதைக் கேட்டதும் வாயில் விரலை வைத்துக்கொண்டு, கடைசிவரை எடுக்கவேயில்லை.

விஷயம் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பிஸ்கட் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பழமுமாகக் கடைக்காரர், தையல்காரர், நர்ஸ், பஸ் டிரைவர் என்று ஒரு கூட்டம். தலை நரைத்தவர்கள்கூடப் பெரியம்மா கைகாட்டிய இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். ஒல்லி கேமரா ஸ்டாண்டைச் சமையலறையில் மடக்கி வைத்தான்.

"இது ட்ரெய்லர் இல்ல, பழைய மாணவர் சங்கம்" என்றான்.

எல்லோரும் போனபின், பெரியம்மா காலி டம்ளர்களை எடுத்துவைத்தபடி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று.

"எல்லாப் பயலும் வந்துட்டான். ஒருத்தனைத்தான் காணோம்."

"யாரு பெரியம்மா?"

"கடைசி பெஞ்சு. ஜாமெட்ரி பாக்ஸ் எங்கேடான்னு கேட்டா, 'அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டான் டீச்சர்'னு கையைக் கட்டிக்கிட்டு நிப்பான். தெனமும் இதே பதில்! அவங்க குடும்பம் ஊரை விட்டுப் போனதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, அவனுக்கு அண்ணனே கிடையாது. எங்க இருக்கானோ."

டைரக்டர் காதில் பாதிதான் விழுந்தது. கேள்வித்தாள்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் எழுதியதில் கண் நின்றது: 'பேய்க்குப் பயமில்லை. எல்லாம் முடிந்தபின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரே பார்த்தாரே, அப்போதுதான் பயம் வந்தது.'

அது ட்ரெய்லரிலேயே இல்லாத காட்சி. முந்தைய படப்பிடிப்பில் கேமராவை நிறுத்த மறந்ததில் பதிவாகி, கடைசியில் வால்போல ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் பவுடரும் இல்லை, இருட்டும் இல்லை. பட்டப்பகல், ஒரு மேசை, பெரியம்மா. "கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கேமராவைப் பாருங்க. ஒரே ஒரு வார்த்தை கேளுங்க."

"என்ன கேக்கட்டும்?"

"வகுப்புல என்ன கேப்பீங்களோ, அது."

எடுத்து முடித்ததும் ஒல்லி தலையைச் சொறிந்தான். "இந்த ஊருல படிச்சவனுக்குத்தான் இது பேய். சாருக்கு யாரோ ஒரு அம்மா கண்ணாடி போடறாங்க, அவ்வளவுதான். ஒரு வருஷம் போச்சுன்னு வெச்சுக்கோ."

அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் பயந்ததாக ஒரு தாள் சொன்னது, அதைத்தான் நம்பினாள்.

திரையிடும் அறையில் துறைத்தலைவர் கடைசி வரிசை நாற்காலியில் சாய்ந்திருந்தார். மற்றவர்களின் ட்ரெய்லர்களில் ரத்தம் வழிந்தது, கதவுகள் கிறீச்சிட்டன, பொம்மைகள் கழுத்தைத் திருப்பின. அவர் கொட்டாவி விட்டபடி மதிப்பெண் போட்டார்.

டைரக்டரின் முறை வந்தது.

மேசை. பழைய சுவர்க் கடிகாரத்தின் சத்தம். பெரியம்மா தாளைத் திருத்திக்கொண்டிருக்கிறார். பேனாவை மூடி வைக்கிறார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். மெதுவாகத் தலை நிமிர்ந்து நேராகப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"எங்கே?"

திரை இருண்டது.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒல்லி கண்ணை மூடிக்கொண்டான். டைரக்டர் நகத்தைக் கடித்தாள்.

பின்னால் நாற்காலி ஒன்று தடாலென்று சாய்ந்தது. விளக்கைப் போட்டார்கள். துறைத்தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றிருந்தார்.

"அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டான் டீச்சர்."