நெத்திலிக்கு மூன்று பூட்டு

இணையப் பக்கம் சட்டென்று திறந்துவிடுகிறது என்று காலையிலிருந்து புகார் மேல் புகார்.

"திறந்தா நல்லதுதானேக்கா?" என்றார் தாக் கிஹோ தொலைபேசியில். தென்கொரியாவின் தோங்யோங் துறைமுகத்தில் நெத்திலிக் கருவாடு விற்கும் நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

எதிர்முனையில் இருந்தது தேகுவில் கடை வைத்திருக்கும் யோம் அக்கா. "என்னத்த நல்லது? எதையும் இன்ஸ்டால் பண்ணச் சொல்லலையே! பேங்க்ல நாலு இன்ஸ்டால் பண்ணச் சொல்றான். வரி கட்டப் போனா அஞ்சு. உங்க பக்கம் கதவை அகலத் திறந்து வச்சுட்டு வா வாங்குது. எவனோ உங்க பேர்ல நடத்துற திருட்டுப் பக்கம்தானே அது?"

"இல்லக்கா, எங்க பக்கம்தான்."

"திருடனும் அதைத்தான் சொல்வான்," என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

கிஹோ தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாம் போன மாதக் கூட்டத்தில் அவரே வாயைக் கொடுத்து வாங்கியது. அதுவரை கடைக்காரர்கள் ஆர்டர் போட, பிரவுசரில் ஒட்டவைக்கும் பாதுகாப்பு ப்ளக்-இன் ஒன்றை வெளி நிறுவனத்திடமிருந்து வாங்கி வைத்திருந்தார்கள். அது ஒரே ஒரு பிரவுசரில்தான் வேலை செய்யும். நிறுவும்போது பச்சைக் கோடு தொண்ணூற்றொன்பது சதவீதம் வரை ஓடும், அங்கேயே நின்றுவிடும். கணினியை அணைத்துப் போடு என்று சொல்லும். போட்டால், பாதி தட்டிய ஆர்டர் காணாமல் போயிருக்கும்.

நிறுவனத் தலைவரின் மச்சான் கூ, விற்பனை மேலாளர், போர்ட்டல் வேண்டும் என்றார். எல்லாமே ஒரே வாசலுக்குள் இருக்க வேண்டுமாம். கிஹோ கேட்டதோ, எல்லா பிரவுசருக்கும் பொதுவான விதிப்படி எழுதிய சாதாரணப் பக்கம். கூட்டத்தில் தும்மக்கூட யோசிக்கும் மனிதர் அன்று எழுந்து நின்று முழங்கிவிட்டார்: "இதுல ஒளிவுமறைவே கிடையாது. யார் வேணும்னாலும் உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாத்துக்கலாம். இந்த வருஷ சூசோக் பண்டிகை ஆர்டர் முழுக்க இதுலயே வாங்கிக் காட்டறேன். இல்லன்னா யோக்ஜி தீவு கிடங்குக்கு நானே போயிடறேன்!"

தலைவர் நாம்குங்குக்கு இந்த மாதிரிச் சூளுரை என்றால் கொள்ளை ஆசை. உடனே கை தட்டினார். கிடங்குப் பதவியைக் காலியாகவே வைத்திருக்கச் சொல்லியும் விட்டார். கிஹோவுக்குக் கரையில் நிற்கும் படகைப் பார்த்தாலே குமட்டும்.

ஆனால் பக்கம் என்னவோ அவ்வளவு அழகு. ஓக் போராம் என்கிற நிரலாளர் எழுதியது. கிஹோ பேருந்தில் கைப்பேசியில் திறந்தார், திறந்தது. மைத்துனரின் விநோதமான கணினியில் திறந்தார், அதிலும் திறந்தது. பாதுகாப்புப் பூட்டு முழுவதும் பிரவுசருக்குள்ளேயே இருந்தது, தனியாக எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் பெற்ற பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்குவதைப் போல அவருக்கு நெஞ்சு விம்மியது.

பயந்தவர்களைத் தேற்றுவோம் என்று பக்கத்தின் உச்சியில் ஓர் அறிவிப்புப் போட்டார்: 'இங்கே எதையும் நிறுவத் தேவையில்லை. அச்சம் வேண்டாம்.'

அதுவரை பயப்படாதவர்களும் அன்றைக்கே பயந்துவிட்டார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று வந்து நின்றார் கூ. "பக்கம் பொட்டல் காடு மாதிரி இருக்கு. நாலு விஷயம் வைங்க, ஜனம் தானா வரும்."

வைத்தார்கள். வானிலை வந்தது, அலை நேரம் வந்தது, தலைவரின் புகைப்படத்தோடு வாழ்த்துச் செய்தி வந்தது, பிறந்த வருஷத்து விலங்குப்படி இன்றைய பலனும் வந்தது. ஜனமும் அலைமோதியது. ஆர்டர் மட்டும் ஒன்றுகூட விழவில்லை.

கிஹோ யோம் அக்காவைக் கூப்பிட்டுக் கெஞ்சினார். "தினமும் வர்றீங்களேக்கா, ஒரு பெட்டியாவது போடக்கூடாதா?"

"நான் பன்றி வருஷம். பெரிய செலவு தவிர்க்கவும்னு இன்னிக்குப் பலன்ல போட்டிருக்கே. நீங்கதானே போட்டீங்க?"

பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. கிடங்கில் நெத்திலிப் பெட்டிகள் கூரையைத் தொட்டன. போராம் தன் நாற்காலியை மெல்ல இழுத்துக்கொண்டு கிஹோ பக்கத்தில் வந்தாள்.

"சார், அவங்க கேக்கறதைக் கொடுத்துட்டா என்ன?"

திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. மேலே, 'பாதுகாப்பு நிரல் நிறுவப்படுகிறது.' நூறைத் தொட்டதும் ஒரு குட்டிப் பூட்டு தோன்றி மறைந்தது.

"என்னம்மா இது? உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். வெறும் கோடு."

"அது பொய்யில்லையா?"

"பூட்டு ஏற்கெனவே இருக்கு சார். அது இருக்கறதை அவங்களுக்குக் காட்டணும்ல?"

கூடாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே யோக்ஜி தீவுப் படகு நீளமாக ஊதியது.

"போடு," என்றார்.

அன்றே ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. அதோடு ஒரு குறையும் வந்தது: ஒரே ஒரு நிரல்தானா, இவ்வளவு பெரிய கம்பெனிக்கு? போராம் சளைக்காமல் விசைப்பலகைக் காவலுக்கு ஒரு கோடு, நெருப்புச் சுவருக்கு ஒரு கோடு என்று மூன்றாக்கினாள்.

யோம் அக்கா தானாகவே கூப்பிட்டார். "இப்பதான்யா கம்பெனின்னு தோணுது! மூணும் ஓடி முடிஞ்சுது, ஒரு தடவைகூட மிஷினை அணைச்சுப் போடச் சொல்லலையே! நூறு பெட்டி அனுப்புங்க. அந்தப் பலனை மட்டும் எடுத்துடாதீங்க."

சூசோக்குக்கு முன்பே கிடங்கு காலியாகிவிட்டது. தலைவர் நாம்குங் எல்லோர் முன்னிலையிலும் கிஹோவின் முதுகில் தட்டினார். ஆர்டர் எதுவும் போடாமலே அந்தக் கோடுகளைப் பார்ப்பதற்காகத் தினமும் பக்கத்தைத் திறக்கிறாராம்.

"என்னமா வழுக்கிட்டுப் போகுதுய்யா அது! என் மகளோட சிப்பிக் கம்பெனிக்கும் இந்தப் பாதுகாப்பு வேணும். நம்ம பழைய ப்ளக்-இன் ஆளையே கூப்பிட்டிருக்கேன், உள்ள பிரிச்சுப் பாத்து எந்த ஊர் சரக்குன்னு சொல்லட்டும்."

கிடங்கு போகட்டும், பொய்யன் என்ற பெயரோடு போக வேண்டியிருக்குமே. அதை நினைத்தபோது கிஹோவுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் கறுப்புக் கோட்டு அணிந்து வந்தார் பியோ, அந்தப் பழைய ப்ளக்-இன் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். தலைவரும் கூவும் பின்னால் நிற்க, அவர் பக்கத்தைத் திறந்தார். மூன்று கோடுகளும் ஓடி முடித்தன. பிறகு பக்கத்துக்குப் பின்னால் எழுதியிருந்ததைத் திறந்து வரிவரியாகப் படித்தார். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று முழங்கிய வாயைக் கிஹோ கையால் பொத்திக்கொண்டார். போராம் தரையைப் பார்த்தாள்.

பியோவின் புருவம் ஏறியது. இன்னொரு முறை மேலிருந்து படித்தார்.

"எப்படி?" என்றார் தலைவர்.

பியோ எழுந்து குனிந்து வணங்கினார். "தலைவர் ஐயா, நான் இந்தத் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து இவ்வளவு சுத்தமான வேலையைப் பாத்ததில்லை."

"கேட்டியா மச்சான்! வாங்க, எல்லாரும் விலாங்கு மீன் சாப்பிடப் போலாம்," என்று தலைவர் கூவை இழுத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

கிஹோ பியோவின் முழங்கையைப் பிடித்தார். "உள்ள ஒண்ணுமே இல்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?"

பியோ கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு தன் பெயர் அட்டையை இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினார்.

"எங்க கோட்டுக்குள்ளயும் ஒண்ணும் கிடையாது சார். ஆனா உங்களது நூறு வரைக்கும் போகுதே, அதை எப்படிப் பண்ணீங்க? எங்களது தொண்ணூத்தொம்பதுலயே நின்னுடுது, அதனாலதான் மிஷினை அணைச்சுப் போடச் சொல்றோம்."