கட்சி சாராத புடவை

தமிழ்நாட்டில் சும்மா கிடக்கும் நிறம் என்று ஒன்று கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரு கொடி உண்டு. இதை நான் தி.நகர் வெயிலில் நாள் முழுக்க அலைந்து தெரிந்துகொண்டேன்.

அப்போது ஒரு டிவி தொடரில் உடை உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். (இஸ்திரி போடுபவள் என்று அர்த்தம். வீட்டில் 'டிசைனர்' என்று சொல்லி வைத்திருந்தேன்.) கதாநாயகி தேர்தல் அதிகாரி. மந்திரி மிரட்டினாலும், எதிர்க்கட்சி கும்பிட்டாலும் எந்தப் பக்கமும் சாயாதவர். அப்பேர்ப்பட்டவருக்கு முதல் வாரமே மஞ்சள் புடவை கட்டிவிட்டேன். "அந்தம்மா எந்தக் கட்சின்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்று சேனலுக்குப் போன் மேல் போன்.

இயக்குநர் கூப்பிட்டார். "ஏம்மா, நாளைக்கு மயிலாப்பூர்ல ஷூட்டிங். எந்தக் கட்சியும் இல்லாத புடவை வேணும். இன்னொரு போன் வந்துச்சுன்னா, நீ வீட்டுக்குப் போயிடலாம்."

அந்த வேலைக்காக அப்பாவோடு சண்டை போட்டு, பேங்க் பரீட்சையை எழுதாமல் விட்டவள் நான்.

ரங்கநாதன் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பச்சையா? ஐயோ. சிவப்பா? வேண்டவே வேண்டாம். நீலம், காவி... மூச்! வெள்ளையில் கறுப்பு பார்டர் காட்டினார்கள். கரைவேட்டியோடு ஒரு மாநாடே கண்முன் வந்து நின்றது. நிறம் தப்பினால் டிசைன் விடவில்லை. மாங்காய், தாமரை, யானை, இலை என்று சின்னம் ஒதுக்கிவிட்டுத்தான் நம் ஆட்கள் தறியில் உட்காருவார்கள் போலிருக்கிறது.

கடைசியில் ஒரு சந்துக் கடைக்காரர் இரக்கப்பட்டார். "இன்னா மேடம், மூஞ்சி வாடிப்போய் கீது? இன்னா கலர் வோணும்?"

"எந்தக் கட்சிக்காரங்களும் கட்டாத கலர்."

சாம்பல் நிறத்தில், பூவும் இல்லாமல் காயும் இல்லாமல் ஒன்றை உதறிப் போட்டார். "பெரிய கடை ஒண்ணுக்கு மொத்தமா போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம் கீது."

ஒரே நிறத்தில் எதற்கு அத்தனை புடவை என்று கேட்க வேண்டுமா இல்லையா? கேட்கவில்லை. (புத்திசாலி!)

மறுநாள் குளக்கரையில் காட்சி. மந்திரி உறுமுகிறார், அதிகாரி அசையாமல் நிற்கிறார். வேடிக்கை பார்த்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மாமி நேராகக் கதாநாயகியிடம் வந்தாள்.

"ஏம்மா, நேத்து உங்க கடையில வாங்கிண்டு போன ப்ளவுஸ் பிட் மேட்சே ஆகலை. நீ இங்க நின்னுண்டு இருந்தா கடையை யாரு பாத்துக்கறா?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பாண்டி பஜாரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அங்கே விற்பனைப் பெண்கள் அத்தனை பேருக்கும் இதுதான் யூனிபார்ம். அடிக்கடி அங்கே போகிறவள்தான் நான். புடவையைப் பார்ப்பேனே தவிர, எடுத்துக் காட்டும் பெண்ணை எங்கே பார்த்தேன்?

யூனிட்டே சிரித்தது. மந்திரி துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. மாற்றுப் புடவை இல்லை, வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதிலேயே எடுத்தார்.

ஒளிபரப்பான மறுநாள் போன் வந்தது. இயக்குநர் ஸ்பீக்கரில் போட்டார். நான் சத்தமில்லாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"சார், நாங்க பாண்டி பஜார் கடைல சேல்ஸ்ல கீறோம். எங்க புடவைய கட்டிக்கினு மந்திரியவே ஒரு வாங்கு வாங்கினாங்களே, இன்னா கெத்து சார்! எல்லாரும் கை தட்டினோம். அடுத்த வாரமும் அதையே கட்டச் சொல்லுங்க சார்!"

இயக்குநர் என்னைப் பார்த்தார். "பையைக் கீழ வைம்மா. போய் அந்தப் புடவைக்கு இஸ்திரி போடு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தொடர் முடியும்வரை அதிகாரிக்கு அந்த ஒரே புடவைதான்.

அப்பாதான் இன்றுவரை கிண்டலை விடவில்லை. என் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்கப் போனபோது, சம்பந்தி வீட்டாரை வைத்துக்கொண்டே கடைக்காரரிடம் சொன்னார்:

"தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்தக் கட்சின்னு இன்னும் தெரியல. எதுக்கும் சாம்பல் கலர்ல ஒண்ணு எடுத்துப் போடுங்க."